கீழடிக் கலங்களும் மஹல்லாக் கஞ்சியும்: உணவின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

திருமறையின் 80ஆவது அத்தியாயமாகிய 'அபஸ'வில், மனிதன் தான் உண்ணும் உணவை உற்று நோக்குமாறு பணிக்கப்படுகின்றான். மழை பொழிவதும், நிலம் பிளப்பதும், அதனின்றும் தானியமும் திராட்சையும் ஒலிவமும் பேரீத்தமும் வெளிப்படுவதும் அங்கே அடுத்தடுத்து நினைவூட்டப்படுகின்றன. தஃப்ஸீர் ஆசிரியர்கள் இவ்விடத்தில் படைத்தவனின் வல்லமையையே விரித்துரைப்பர், அது முறையே. ஆயினும், உணவை நோக்குதல் என்னும் அச்செயலுக்கு வரலாற்றுப் பார்வை ஒன்றும் உண்டு என்பதை நம் மதரஸாக்களில் நாம் சொல்லித் தருவதில்லை. தட்டில் இருக்கும் சோறு எந்த நிலத்தில் விளைந்தது, எந்தக் கடலைக் கடந்து வந்தது, யார் கையால் வெந்தது என்று கேட்பதும் நோக்குதலின்பாற் பட்டதே.

இக்கேள்விகளோடுதான் அண்மையில் எம் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு கீழடி அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரையை அடைந்து, தென்கிழக்கே 12 கிலோமீட்டர் அளவு சென்றால் சிவகங்கை மாவட்டத்துக் கீழடி. உடன் வந்தோர் பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வேனில் செல்லும்போது, 'கீழடியில் என்ன கண்டுபிடித்தார்கள்?' என்று கேட்டோம். '2,600 ஆண்டுப் பழைமை' என்று ஒருவர் தவறாமல் சொன்னார்கள். 'அம்மக்கள் என்ன சாப்பிட்டார்கள்?' என்று கேட்டோம். விடையில்லை. பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அதே கேள்வியைக் கேட்டோம். அப்போதும் விடையில்லை.

மாணவர்கள் கவனமின்றிப் பார்த்தார்கள் என்று சொல்வதற்கில்லை. இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார்கள். எனவே குறை காட்சியமைப்பில் உண்டா என்று ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிட வேண்டும். 2014-15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கி, 2017-18 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்ந்த அகழாய்வின் பயன் இந்த அருங்காட்சியகம். 2023 மார்ச் 5ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டமைப்பைத் தழுவிய கட்டடம், நடுவே முற்றம், சுற்றிலும் கூடங்கள். ஒரு சிற்றூரில் இத்தகைய அருங்காட்சியகம் அமைவதென்பது நாம் இளைஞராக இருந்த காலத்தில் நினைத்தும் பார்க்கவியலாத ஒன்று. அந்நாளில் அருங்காட்சியகம் என்றால் சென்னை எழும்பூர்தான். தோண்டிய பொருள்கள் தோண்டிய ஊரிலேயே தங்கியிருப்பதும், அவ்வூர்ப் பெண்கள் மாலை வேளையில் குழந்தைகளோடு வந்து பார்த்துச் செல்வதும் மகிழ்ச்சி தரும் காட்சிகள்.

மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், மட்பாண்டம், நெசவும் இரும்பும், கடல்வழி வணிகம், வாழ்வியல் என்று பொருள் பிரித்துக் காட்சிகளை அமைத்துள்ளனர். எம் மாணவர்கள் நெடுநேரம் நின்ற இடம் நெசவுப் பகுதி. சுடுமண்ணாலாகிய சிறு தக்களிகளைக் கண்டதும், 'இது நம்ம தொழில், உஸ்தாத்' என்றார் ஒருவர். நூல் முறுக்குவது, சாயம் ஏற்றுவது, துணி நெய்வது என்பனவெல்லாம் அப்பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. காட்சிப் பொருள் பார்ப்பவரின் வாழ்வோடு கைகோக்கும்போது அருங்காட்சியகம் தன் பணியைச் செய்துவிடுகின்றது. நெசவில் அது நிகழ்ந்தது. உணவில் நிகழவில்லை.

ஏன்? உணவு அங்கே இல்லாமலில்லை; சிதறிக் கிடக்கின்றது. விளைச்சல் ஒரு கூடத்தில், பானை மற்றொரு கூடத்தில், வணிகம் வேறொரு கூடத்தில். கறுப்பு–சிவப்புக் கலங்கள் அழகுற அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் வகை, வண்ணம், மேலே கீறப்பட்ட குறியீடு, எழுத்து ஆகியன பேசப்படுகின்றன. எதை வேக வைத்தார்கள், எதில் வைத்து உண்டார்கள், யார் முதலில் உண்டார், யார் கடைசியில் உண்டார் என்பன பேசப்படவில்லை. பானையை எழுதுபொருளாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம் என்று தோன்றுகின்றது. எழுத்துப் பெருமைக்கு உரியது, ஐயமில்லை. ஆனால் அப்பானையை வாங்கியவள் எழுதுவதற்காக வாங்கவில்லை.

சான்று இல்லை என்று விடை வரக்கூடும். சான்று உண்டு. 2019 செப்டம்பரில் வெளியான தொல்லியல் துறை அறிக்கையில், கீழடி எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரி ஆராய்ந்த செய்தி இடம்பெற்றுள்ளது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நீலான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவை இனங்காணப்பட்டன. அவற்றுள் ஆடு, மான், பன்றி ஆகியவற்றின் எலும்புகள் சிலவற்றில் வெட்டுத் தடங்கள் இருந்தமையால் அவை உண்ணப்பட்டிருக்கலாம் எனக் கருதப்பட்டது. மாடும் எருமையும் உழவுக்குப் பயன்பட்டிருக்கும் என்பது அறிக்கையின் போக்கு. இவ்வளவு செய்தி கையில் இருக்க, அறிக்கை பேசும் அளவுக்குக் கூடம் பேசவில்லை.

இன்று தொல்லியலார் கையாளும் முறைகளும் வளர்ந்துவிட்டன. மெருகேற்றாத மண்பானையின் சுவரில் நுண்துளைகள் உண்டு. சமைக்கும்போது கொழுப்பு அதில் ஊறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடுகின்றது. ஓட்டைப் பொடித்துக் கொழுப்பைப் பிரித்தெடுத்து, அது பாலினதா, இறைச்சியினதா என்றுகூடப் பகுத்துணர முடியும். அடுப்படி மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கரிந்த விதைகள் மிதந்து மேலே வருகின்றன. இவற்றை ஒரு மேசையில் வைத்து விளக்கியிருந்தால் எம் மாணவர்கள் விடையோடு திரும்பியிருப்பர்.

நெல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் 2009-10இல் பேராசிரியர் க. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமக்குழி ஒன்றினுள் நான்கு கால் கொண்ட சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்னும் காலம் 2021இல் அறிவிக்கப்பட்டது. இவ்விரு நெல்லும் நாட்டில் எதற்காகப் பேசப்பட்டன? வயதுக்காக. எழுத்தின் தொன்மைக்கு ஒன்று, நாகரிகத்தின் தொன்மைக்கு ஒன்று. ஓர் இறந்த மனிதருக்காக இரண்டு கிலோ நெல்லை உயிரோடிருந்தோர் ஒதுக்கி வைத்தனரே, அது அவர்களுக்குப் பெரிய ஈகையா, சிறிய ஈகையா, அவ்வாண்டு அவர்கள் வீட்டில் எத்தனை நாள் நெற்சோறு வெந்திருக்கும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உணவு வரலாறு தொடங்குவது அக்கேள்வியில்தான். பழைமை ஒன்றையே அளக்கும் கோலால் பசியை அளக்கவியலாது.

எலும்பு பற்றிய மௌனத்திற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். நம் நாட்டில் எலும்பு இன்று வெறும் எலும்பன்று. மாட்டின் எலும்பு என்றால் ஒரு சாரார் முகம் சுளிப்பர். மற்றொரு சாரார் வெற்றி முழக்கமிடுவர். அச்சத்தின் காரணமாகக் காட்சியமைப்போர் அடக்கி வாசித்திருந்தால் அதை நாம் புரிந்துகொள்கிறோம், ஏற்கவில்லை. ஆனால் இவ்விடத்தில் நம்மையும் நாம் சோதித்துக்கொள்வது நேர்மை. காட்டுப்பன்றி என்ற சொல்லை நாம் சொல்லக் கேட்டதும் மாணவர் ஒருவர் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்று முணுமுணுத்தார். அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் வழியில் ஒரு ஹதீஸை நினைவுபடுத்தினோம்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) வினவியபோது, இல்லை, தம் சமூகத்தாரின் மண்ணில் அது இல்லாததால் தமக்கு அதில் விருப்பம் எழவில்லை என்று விடையளித்தார்கள். காலித் (ரலி) அதை இழுத்து வைத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை ஃபிக்ஹு நூலார் உடும்பின் சட்டத்திற்காகவே எடுத்தாளுவர். நாம் இதில் இன்னொன்றையும் காண்கின்றோம். சட்டம் வேறு, நாவின் பழக்கம் வேறு. நாவின் பழக்கத்தை மண் தருகின்றது. தமக்கு ஒவ்வாததைப் பிறர் உண்பதை முகச்சுளிப்பின்றிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அமைதி, உணவு வரலாற்றை எழுத முற்படும் எவருக்கும் முதல் தகுதி. பன்றி நமக்கு விலக்கப்பட்டது. அதனால் 2,600 ஆண்டுகளுக்கு முன் வைகைக் கரையில் வாழ்ந்தவர் அதை உண்ணாதவர் ஆகிவிடமாட்டார். இந்த நேர்மையை மாட்டெலும்பு விஷயத்தில் பிறரிடம் கேட்கும் உரிமை, அதை நாம் கடைப்பிடிக்கும்போதே நமக்கு வரும்.

இனி, 'நம் பாரம்பரிய உணவு' என்னும் சொற்றொடர். அருங்காட்சியகம் திறந்த 2023ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் அவையால் சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்ட ஆண்டுமாகும். கொங்கு நாட்டிலும் அவ்வாண்டு கம்பு, சோளம், ராகி என்று எங்கும் பேச்சு. மண்ணின் தானியம், மூதாதையர் தானியம் என்ற புகழுரைகள். பல்லடம், காங்கயம் பகுதியின் மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் விளைந்ததும், சோளச்சோறும் கம்பங்கூழும் ராகிக்களியும் அன்றாடம் வெந்ததும் உண்மை. நெற்சோறு பண்டிகைக்கு உரியதாக இருந்த வீடுகள் பல. 1950களில் கீழ்பவானி வாய்க்காலும், 1957இல் அமராவதி அணையும், 1960களில் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் வந்தபின், நியாயவிலைக் கடை அரிசியும் சேர்ந்து, நெற்சோறு அன்றாடமாயிற்று.

ஆனால் சோளம், கம்பு, ராகி ஆகிய மூன்றும் ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டவை. சோளம் சூடான் வெளியிலும், கம்பு சஹாராவின் தென்விளிம்பிலும், ராகி கிழக்காப்பிரிக்க மேட்டு நிலத்திலும் தோன்றி, மூவாயிரம் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை அடைந்தவை என்பது தாவரவியலார் முடிவு. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் வந்தன. கொள்ளு இந்திய மண்ணுக்கே உரியது. ஆகவே, ஒரு கொங்கு வீட்டு மதிய உணவில் ராகிக்களியும் மிளகாய் கிள்ளித் தாளித்த கொள்ளுப் பருப்பும் இருந்தால் அத்தட்டில் மூன்று கண்டங்கள் இருக்கின்றன. வந்தேறி யார் என்று வழக்காடும் இக்காலத்தில், அருங்காட்சியகம் ஒன்று சொல்லக்கூடிய செய்திகளில் இதைவிடப் பயனுள்ளது உண்டா என்று தெரியவில்லை. கடல்வழி வணிகம் என்னும் பகுதியில் மணியும் காசும் உரோமானியத் தொடர்பும் இடம்பெறுகின்றன. தானியமும் கப்பலேறி வந்தது என்ற ஒரு வரிக்கு அங்கே இடமிருக்கின்றது.

வழிகாட்டும் முன்மாதிரியைத் தேடி வெளிநாடு செல்லவும் தேவையில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை ஓர் உணவு வரைபடம். தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணன் வழிநெடுக ஒவ்வொரு குடியினரிடமும் உண்கின்றான். எயினர் ஒன்று தருகின்றனர், கோவலர் தினைச்சோறும் பாலும் தருகின்றனர், உழவர் நெற்சோறும் கோழியும், வலைஞர் மீன், அந்தணர் வேறு. எவருடைய அடுப்பையும் புலவர் இழிவாகப் பாடவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. நிலத்தையும் குடியையும் உணவையும் ஒரே நடையில் சொல்லிச் செல்லும் அவ்வமைப்பை அப்படியே கூடங்களாக மாற்றலாம்.

அரபு மொழியிலும் இத்துறைக்குப் பழைமையான மரபுண்டு. ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) பக்தாதில் 'கிதாபுத் தபீக்' எழுதிய முஹம்மத் அல்பக்தாதி, உலக இன்பங்களை உணவு, பானம், உடை, தாம்பத்தியம், நறுமணம், ஒலி என ஆறாகப் பிரித்து, உணவையே முதன்மையானது என்றார். உடைக்கு அவர் தந்த இடம் மூன்றாவது. திருப்பூர்க்காரர்கள் வருந்த வேண்டாம். இப்னு பதூதாவோ, ஹினவ்ர் (இன்றைய ஹொன்னாவர்) சுல்தானின் விருந்தை ஒரு கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு எழுதுகின்றார்: முதலில் நெய் வார்த்த சோறும், ஊறவைத்த மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காயும், பிறகு கோழி, மீன், காய்கறி, முடிவில் தயிர். மாலத்தீவு, இலங்கை, மஃபர், மலபார்ப் பகுதிகளில் மூன்றாண்டுகள் சோறன்றி வேறின்றி இருந்ததால், இறுதியில் தண்ணீரைக் குடித்தே சோற்றை விழுங்க நேர்ந்தது என்றும் அவர் சலித்துக்கொள்கின்றார். மஃபர் என்பது நம் தமிழ்க் கடற்கரை. ரொட்டிக்கு ஏங்கிய மொராக்கோ நாட்டுப் பயணியின் அச்சலிப்பு, 14ஆம் நூற்றாண்டுத் தமிழக உணவுக்குக் கிடைத்த அரிய சாட்சியம்.

இத்தகைய அருங்காட்சியகம் ஒன்று நம் திருப்பூர்ப் பகுதியில் அமையுமாயின் அதில் என்ன இருக்க வேண்டும்? தொன்மைக்குக் குறைவில்லை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்பெறும் கொடுமணல், நொய்யலின் கரையில் இருக்கின்றது. இரும்புக் கம்பி செருகிய தக்களிகள் அங்கும் கிடைத்தன. ஆனால் கொடுமணலோடு நின்றுவிட்டால் கீழடியின் குறையே இங்கும் நேரும். நூல் நூற்றவள் என்ன உண்டாள் என்ற கேள்வி இன்றைய தையல் மெஷினுக்கு முன் அமர்ந்திருப்பவளுக்கும் உரியது.

1925இல் குலாம் காதர் சாகிபும் சத்தார் சாகிபும் இவ்வூரில் முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கினர் என்பது பனியன் தொழிலின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ள செய்தி. காதர்பேட்டை இன்றும் பனியன் மொத்த வணிகத்தின் பெயராக நிற்கின்றது. அத்தொழில் வளர வளர, அதன் உணவும் மாறிற்று. தூக்குப் போசியில் வந்த கம்பஞ்சோறு போய், மெஸ் சாப்பாடும், ஷிஃப்டு நடுவே டீயும் பன்னும், இரவு பரோட்டாவும் வந்தன. இப்போது பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளரின் அறைகளில் கடுகெண்ணெய் மணக்கின்றது. கிழமைச் சந்தையில் அவர்களுக்கென்றே சில காய்கள் வருகின்றன. அவர்களுடைய உணவும் இவ்வூர் உணவு வரலாறே.

சாயக் கழிவால் நொய்யல் பாழ்பட்டதும், 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்திற்குப் பயன்படாமல் கழிவு தேங்கும் குளமானதும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் எல்லோரும் அறிந்தவை. அவற்றைச் சுற்றுச்சூழல் என்ற தலைப்பில் வைக்கின்றோம். ஆற்றங்கரைக் கிணறு உவர்த்து, வயலில் நெல்லும் தோப்பில் தென்னையும் போனால், அக்கரை வீட்டுச் சட்டியில் என்ன மாறிற்று என்று எழுதிய பக்கம் எங்கே?

பிறரைக் கேட்டுவிட்டு நம் வீட்டைக் கேட்காமல் விடுவது நீதியன்று. தமிழ் முஸ்லிம்களின் உணவு பற்றி அருங்காட்சியகங்களில் ஒன்றுமில்லை என்று குறைப்பட நமக்கு வாய் இருக்கின்றது. அங்கே கொடுக்க நம்மிடம் என்ன ஆவணம் இருக்கின்றது? பிரியாணி என்ற ஒற்றைச் சொல்லில் ஊரும் நம்மை அடைத்தது. நாமும் அதில் பெருமையோடு அமர்ந்துகொண்டோம். குழம்பை 'ஆணம்' என்று சொல்லும் பழந்தமிழ் வழக்கு நம் வீடுகளில் தங்கியிருப்பதையும், அரபு நாட்டு ஹரீஸா இங்கே அலிசாவாகி வந்ததையும் எத்தனை பேர் எழுதி வைத்தோம்?

எழுதப்பட்ட சான்றும் நம்மிடம் இருந்தது. அதுதான் நோன்புக் கஞ்சிக் கணக்கு. ஒவ்வொரு மஹல்லாவிலும் ரமளான் முப்பது நாளும் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, விறகு யார் தந்தார், தேக்சா யார் கழுவினார் என்று மோதினாரோ கணக்கரோ நாள்தோறும் எழுதி வந்தனர். 2001 முதல் அரசு பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென அரிசி வழங்கிவருவதால் அதற்குப் பிந்திய அளவுகள் அரசுக் கோப்புகளில் கிடைக்கக்கூடும். அதற்கு முந்தியவை நம் தஃப்தர்களில் மட்டுமே இருந்தன. ஆண்டுதோறும், விலையோடும் அளவோடும், ஓர் ஊரின் பொது அடுப்பைப் பற்றிய தொடர்ச்சியான பதிவு வேறெந்தச் சமூகத்தாரிடமும் இவ்வளவு ஒழுங்காக இருக்குமா என்பது ஐயமே.

நாம் அறிந்த பள்ளிவாசல் ஒன்றில், புதுக் கட்டடம் எழுப்பும்போது பழைய மரப்பெட்டி காலி செய்யப்பட்டது. அதிலிருந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. நிர்வாகத்தார் கெட்டவர்களல்லர், கஞ்சிக் கணக்கு என்பது தணிக்கை முடிந்தால் குப்பை என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டிய ஆலிம்களாகிய நாமும் அன்று வாய் திறக்கவில்லை. செய்தி தெரிந்து கடைக்கு ஓடியபோது ஒரே ஒரு நோட்டு மிஞ்சியிருந்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை, ஆண்டு எதுவென்று அறிய வழியில்லை.

அது இப்போது எம் மேசையில் இருக்கின்றது. மஞ்சள் கறை படிந்த பக்கங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய் என்று வரிசை. கொத்துக்கறி வெள்ளிக்கிழமைகளில் மட்டும். தேங்காய்க்கு நேரே சில நாள்களில் விலை இல்லை. 'கவுண்டர் தோட்டம்' என்று மட்டும் இருக்கின்றது. மசாலா அரைத்தவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அது பெண்களின் வேலை, கணக்கில் வராது. பிறை 17க்கு நேரே பென்சிலால் ஒரு குறிப்பு: மழை, ஆள் குறைவு, கஞ்சி மீதி, இரண்டு வாளி பின்பக்கத்து லைன் வீடுகளுக்குக் கொடுத்தது.